லைனிங் ஏழைத் தொடவில்லையா?

ஐவிஎஃப் சிகிச்சையில் கருவை வைக்கும் முன், கருப்பையின் உட்படலமான லைனிங் எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். அதை முடித்து வெளியே வரும் பெண்கள் பலருக்கு மனத்தில் நிற்பது எண் மட்டும்தான். "6.5தானாம், ஏழு வரலியாம்" என்று கணவருக்கு வாட்ஸ்அப் போகும்; அன்றிரவு தூக்கமும் போகும். அந்த எண்ணுக்கு அவ்வளவு பயம் தேவையில்லை.

ஏழு மில்லிமீட்டர் என்பது பல மையங்கள் வைத்திருக்கும் வசதியான எல்லை. அதற்குக் கீழே வாய்ப்பு ஓரளவு குறைகிறது, இல்லாமல் போவதில்லை. ஆறிலும் கரு தங்கியிருக்கிறது. அளக்கும் விதத்தையும் பாருங்கள்: கருப்பையை நெடுக்காகத் திரையில் காட்டி, மிகத் தடிப்பான இடத்தில் ஓரத்துக்கு ஓரம் இரண்டு குறி வைப்பார்கள். கோணம் கொஞ்சம் சாய்ந்தாலோ வேறொருவர் அளந்தாலோ அரை மில்லிமீட்டர் சுலபமாக மாறிவிடும்.

எண்ணோடு இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள். மூன்று கோடு தெரிகிறதா? வெளியே இரண்டு, நடுவே ஒன்று என வெள்ளைக் கோடுகளும் இடையில் கருமையும் தெரிந்தால், புரொஜெஸ்டிரோன் (லைனிங்கைக் கரு ஒட்டத் தயாராக்கும் ஹார்மோன்) தொடங்கும் முன் இருக்க வேண்டிய தோற்றம் அதுதான். அடுத்து, உள்ளே நீர் நிற்கிறதா? கருக்குழாய் வீங்கி, அந்த நீர் கருப்பைக்குள் வடிந்தால் லைனிங் பத்து இருந்தாலும் வாய்ப்பு குறையும். குழாயை முதலில் கவனிக்க வேண்டும்.

மருந்து கொடுத்து லைனிங்கை வளர்க்கும் சுற்றில், மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கும். 2 மில்லிகிராம், தினம் மூன்று வேளை என்பது பரவலான அளவு. 10 முதல் 12 நாளில் ஸ்கேன். வளரவில்லை என்றால் அளவைக் கூட்டுவார்கள், தோலில் ஒட்டும் பட்டை சேர்ப்பார்கள், இன்னும் சில நாள் நீட்டிப்பார்கள். முன்பே உறையவைத்த கரு மைனஸ் 196 டிகிரியில் பத்திரமாக இருக்கிறது. அதற்கு அவசரமே இல்லை.

சுற்றுக்குச் சுற்று மெலிந்தே இருந்தால், மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதைவிடக் காரணத்தைத் தேடுவதே சரி. முன்பு டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்ததா, கருப்பைக்குள் கட்டி எடுத்ததா, காசநோய் வந்ததா? இவற்றால் உள்ளே ஒட்டுத் தழும்பு விழலாம். ஹிஸ்டிரோஸ்கோப்பி, அதாவது கருப்பைக்குள் சிறு கேமரா விடும் பரிசோதனை, செய்தால் கண்ணால் பார்த்து, முடிந்தால் அந்த ஒட்டை அப்போதே விடுவிக்கலாம். மாதவிடாய் ஒழுங்காக வருபவர்கள் இயற்கைச் சுற்று (உடலின் சொந்த ஹார்மோனாலேயே லைனிங் வளர்வது) பொருந்துமா என்றும் கேளுங்கள். லைனிங்கைச் சுரண்டும் சிகிச்சை கர்ப்ப வாய்ப்பைக் கூட்டவில்லை என்று 2019இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள். மாமியார் தரும் மாதுளைச் சாற்றை ஆசையோடு குடிக்கலாம். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் லேகியத்தை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது புரொஜெஸ்டிரோன் தொடங்கும் நேரத்தைப் பற்றித்தான். ஐந்தாம் நாள் கருவை வழக்கமாகப் புரொஜெஸ்டிரோனின் ஆறாம் நாளில் வைப்பார்கள். முதல் மருந்தை ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வைத்தால் அந்தக் கணக்கே நகர்ந்துவிடும். தவறினால் நீங்களே சரிக்கட்டாமல் உடனே நர்ஸை அழையுங்கள். வேலையிடத்திலோ எம்ஆர்டி ரயிலிலோ இருக்கும் நேரம் வராதபடி அலாரம் வையுங்கள். புரொஜெஸ்டிரோன் தொடங்கியபின் லைனிங் இறுகி வெண்மையாகும், சற்று மெலிந்தும் தெரியலாம். அது இயல்பு.

செலவைப் பொறுத்தவரை, சிங்கப்பூரின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து முதல் சிகிச்சைச் சுற்றுக்கு $6,000, இரண்டாவதுக்கு $5,000, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் $4,000 வரை எடுக்கலாம். ஆயுள் உச்சவரம்பு $15,000. லைனிங் காரணமாகக் கரு வைப்பது ரத்தானால் அது ஒரு சுற்றாகக் கணக்கில் விழுமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.

கரு வைத்தபின் படுத்தே கிடக்க வேண்டாம். லேசாக ரத்தக் கசிவு கண்டாலும் கர்ப்பம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மருந்தை நிறுத்தாதீர்கள்.