ஊர்ப்பெயர்களை வெட்டிப் படித்த கதை

நாகர்கோவிலில் எம்.எஸ்சி. படித்தபோது, கணினி மொழியியல் தாளின் முதல் உள்தேர்வில் 25க்கு 7 வாங்கினேன். வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருந்தேன். கேள்வியில் சொற்களைக் கொடுத்து, எந்த எழுத்துக்குப் பின் எது வருகிறது என்ற கணக்கை வைத்துத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த தேர்வுக்கு நம் மாவட்ட ஊர்ப்பெயர்களையே நோட்டில் எழுதிக்கொண்டேன்: குழித்துறை, பூத்துறை, இரயுமன்துறை, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, பெருவிளை, பள்ளிவிளை, விளவங்கோடு, திருவிதாங்கோடு. தமிழ் தெரியாத ஒருவர்போல இவற்றைப் பாருங்கள். ஓர் எழுத்துக்குப் பின் எப்போதும் ஒரே எழுத்து வந்தால் இரண்டும் ஒரே துண்டு; அடுத்து வருவது மாறிக்கொண்டே இருந்தால் அங்கே வெட்டலாம். 'து' வந்த நான்கு இடத்திலும் அடுத்து 'றை'தான். அப்படியென்றால் இரண்டும் ஒரே துண்டு. சரி, 'ன்' வந்த இரண்டு இடத்திலும் அடுத்தது 'து'தானே? அப்போது 'ன்துறை'யும் ஒரு துண்டாகிவிடும். இங்கேதான் நான் அரை நாள் முழித்தேன். அப்புறம் ராமன்புதூர், சுங்கான்கடை, பேயன்குழி மூன்றையும் சேர்த்தேன். 'ன்'னுக்குப் பின் 'து' வருவது ஐந்தில் இரண்டாகக் குறைந்தது. வெட்ட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. தரவு போதாவிட்டால் என்ன ஆகும் என்று தேர்வில் கேட்டால் இந்தக் கணக்கையே எழுதலாம்.

1996இல் சாஃப்ரன், ஆஸ்லின், நியூபோர்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எட்டு மாதக் குழந்தைகளிடம் கண்டதும் இதுதான். இடைவெளியே இல்லாத செயற்கைப் பேச்சை இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். சொல்லுக்குள் அசை தொடரும் நிகழ்தகவு 1. சொல் முடியும் இடத்தில் 0.33. அந்த வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன.

கணினி உரையைத் துண்டுகளாக்கப் பயன்படும் பைட் பேர் என்கோடிங் என்ற முறையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், நான் குழப்பினேன். அது வெட்டுவதில்லை, ஒட்டும். நிகழ்தகவும் பார்க்காது, அதிக முறை வந்த ஜோடி எது என்று மட்டும் எண்ணும். நம் பட்டியலில் முதலில் ஒட்டுவது 'துறை' (4), அடுத்தது 'விளை' (3). 'குழித்துறை'யின் நடுவில் உள்ள 'த்' சந்தியால் வந்தது என்பது அதற்குத் தெரியாது. மேலும் ஒட்டவிட்டால் 'த்துறை' தனித் துண்டாகிவிடும். தமிழுக்கு இந்த முறை ஏன் சறுக்குகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் 'து' ஓர் எழுத்தல்ல, 'த'வும் உகரக் குறியும் என இரண்டு. நிரலில் அப்படியே எண்ணினால் துணைக்குறிகள் தனியே கழன்று, வெறும் புள்ளிவட்டத்தோடு திரையில் வந்து நிற்கும். முதலில் முழு எழுத்துகளாகப் பிரித்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.