குவியலுக்குள் ஒரு வகுப்பு

மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று கரும்பலகையில் இரண்டு பத்திகள் வரைந்து நான் நடத்திய பாடத்தை மாணவர்கள் தேர்வோடு மறந்துவிடுவதைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகுதான், வகுப்பைத் தோட்டத்தின் மூலைக்கு மாற்றினேன். காய்கறித் தோலையும் காய்ந்த சருகையும் அடுக்கடுக்காகப் போட்டு, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு குவியல் எழுப்பினோம். சில நாள்களில் அதற்குள் கையை நுழைத்த சிறுமி ஒருத்தி, "உள்ளே யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள்" என்று வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். வெப்பமானி 58 பாகை செல்சியசைக் காட்டியது. கழிவைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் வெளிவிடும் வெப்பமே அது என்று விளக்க, அதன்பின் எனக்கு இரண்டு வாக்கியங்களே தேவைப்பட்டன.

அடுத்த குவியலில் பச்சைக் கழிவு மிகுந்துபோய் நாற்றம் எடுத்தது. மேற்பார்வையிடாதது என் தவறுதான். மூக்கைப் பொத்திக்கொண்டே சருகைக் கலந்து கிளறியவர்களிடம், சருகில் மிகுந்திருக்கும் கரிமமும் பச்சைக் கழிவில் மிகுந்திருக்கும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) குவியலில் ஏறத்தாழ 30க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பது நல்லது என்பதையும், காற்று புகாவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும் என்பதையும் சொன்னபோது, ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

மூன்று மாதம் கழித்து உரத்தைச் சலித்தோம். தோலெல்லாம் மண்ணாகியிருக்க, ஏதோ ஒரு பழத்தில் ஒட்டியிருந்த நெகிழிச் சீட்டு மட்டும் எழுத்துகூட அழியாமல் சல்லடையில் தங்கியது. அதை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.