ஐயாயிரம் வெள்ளி ஏர் பிஸ்டல்

காற்றழுத்தத்தால் சுடும் ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா கேட்டது, "என்னாத்துக்குடா, காக்கா சுடவா?" கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் காக்காய்த் தொல்லை அதிகம். அவருக்கு அதில் ஒரு நம்பிக்கையே வந்துவிட்டது. இல்லைம்மா, பத்து மீட்டர் தள்ளி ஒரு காகிதம் இருக்கும், அதைச் சுடுவது என்றேன். "காகிதத்துக்கா இவ்ளோ காசு?" அதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குத் தாமதமாகப் பிடித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் மலேசியாவின் நூர் சூரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, இப்படியும் ஒரு விளையாட்டா என்று தோன்றியது. அப்புறம் பத்து வருடம் ஒன்றும் செய்யவில்லை. நாற்பது தாண்டிய பிறகு ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போய் சுபாங் பக்கத்துத் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்த்துவிட்டார். ஒன்றரை வருடம் கிளப் துப்பாக்கிதான். சனிக்கிழமை காலை எது கையில் கிடைக்கிறதோ அது. ஒரு வாரம் கைப்பிடி பெரிது, அடுத்த வாரம் சிறிது, அதற்கடுத்த வாரம் யாரோ குறிபார்க்கும் முள்ளைத் திருகி வைத்திருப்பார்கள். போட்டி முறைப்படி அறுபது குண்டு, எழுபத்தைந்து நிமிடம், மொத்தம் 600 புள்ளி. என் அதிகபட்சம் 538. பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர்தான், நம் ஐந்து சென் காசைவிடச் சிறியது. கை பழகாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு அதைத் தேடுவது அலுத்துவிட்டது.

புதிதாக வாங்குவதா, பழையதா என்று யோசிக்க ஆரம்பித்த முதல் மாதம் முழுக்க வெளிநாட்டுக்காரர்களின் யூடியூப் காணொளிகளைப் பார்த்தே வீணானது. இங்கிலாந்தில் ஒரு குறிப்பிட்ட சக்திக்குக் கீழே உள்ள ஏர்கன்னுக்கு லைசென்ஸ் கிடையாது. அதனால் அவர்கள் பேசுவதெல்லாம் விலையும் நிலைமையும் மட்டும். இங்கே கதை வேறு. நம் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள்ளேயே ஏர்கன்னும் ஏர் பிஸ்டலும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஏழு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், அல்லது இரண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "பாஸ், பேப்பர் கீப்பர் ஒண்ணும் வேணாம், தைப்பிங்லேர்ந்து பஸ்ல அனுப்பிடுறேன்" என்று ஒருவர் உண்மையிலேயே எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். விலை அருமையான விலை. அவருடைய எண்ணைத் தடுத்துவிட்டேன்.

ஆக, பழையது வாங்குவதென்றால் விற்பவரிடம் முறையான லைசென்ஸ் இருக்க வேண்டும், பொருள் என் கைக்கு வருமுன்னே எனக்கும் அனுமதி கிடைத்திருக்க வேண்டும். புதிதென்றால் உரிமம் உள்ள கடை பாதி அலைச்சலைப் பார்த்துக்கொள்ளும். என்னைப் போன்ற சோம்பேறிக்கு அதுவே பெரிய விஷயம். கடையில் கேட்ட விலை 9,500 வெள்ளி. சுடுவதற்கான காற்றை அடைத்துவைக்கும் சிலிண்டர் ஒன்று, என் கை அளவுக்குக் கைப்பிடி, உத்தரவாதம் எல்லாம் சேர்த்து. வரவழைக்க வேண்டும், பொறுத்திருங்கள் என்றார்கள்.

அப்போதுதான் கிளப்பில் மூத்தவர் ஒருவர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஓய்வுபெற்ற ஆசிரியர், தோள்பட்டை வலியால் விளையாட்டை விடப் போவதாகச் சொன்னார். "என்னோடதை எடுத்துக்கப்பா, ஐயாயிரம் குடு." அதே ரகத் துப்பாக்கி. பாதி விலை மாதிரி கேட்டது. நான் அங்கேயே தலையாட்டியிருப்பேன். ஆயுத அறைப் பொறுப்பாளர்தான், "மொதல்ல சிலிண்டரைத் திருப்பிப் பாரு தம்பி" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில் தயாரிப்புத் தேதி: 2013. இரண்டு சிலிண்டருமே அப்படி. நான் பார்த்தது 2024இல். போட்டித் துப்பாக்கிகளின் காற்றுச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் ஆயுள் பத்து வருடம். போட்டிகளில் இதைச் சோதிப்பார்கள், காலாவதியானதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. போட்டியை விடுங்கள், உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதே ஏறக்குறைய இரண்டரை பார்தான். அந்த உருளையை முகத்துக்கு அரை மீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் விளையாட்டு இது. அண்ணன் ஏமாற்றவில்லை, அவர் அந்தத் தேதியைப் பார்த்ததே இல்லை. "நல்லாத்தானே சுடுது?" என்றார். நல்லாத்தான் சுடுகிறது.

அதோடு நிறுத்தாமல் அந்தச் சனிக்கிழமை முழுவதையும் அந்தத் துப்பாக்கிக்கே ஒதுக்கினோம். அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை, தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய டீ) வாங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கிளப்பின் சிலிண்டர் ஒன்றைப் பொருத்தி, அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் படம் எடுத்து, துப்பாக்கியை ஆயுத அறையிலேயே ஒரு நாள் முழுக்க வைக்கச் சொன்னேன். மறுநாள் முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம் என்றால், படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும் அளவுக்கு. காற்றுக் கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கிறது. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் ரப்பர் ரொம்ப நாள் தாங்குவதில்லை என்றார் பொறுப்பாளர்.

ட்ரிகரில் 500 கிராம் எடைக் கட்டியைத் தொங்கவிட்டுத் தூக்கினோம். போட்டி விதிப்படி அது அந்த எடையைத் தாங்க வேண்டும், விடுபடக்கூடாது. மூன்று முறையும் தாங்கியது. அடுத்து குண்டின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்து இருபது குண்டு. ரெகுலேட்டர் சரியாக வேலை செய்தால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று போகும், வேகம் பெரிதாக மாறாது. கெட்டுப்போனால் ஒரு குண்டு மேலே, ஒரு குண்டு கீழே, நாம் நம் கையைத் திட்டிக்கொண்டிருப்போம். இருபதும் ஏறக்குறைய ஒரே வேகம். அந்த இடத்தில் எனக்கு மனசு சாய்ந்துவிட்டது, மறைக்கவில்லை.

கைப்பிடிக்கு வருவோம். வால்நட் மரம். அண்ணன் பத்து வருடமாக அதை அரத்தால் ராவியும், மரப்பசை அப்பியும், மறுபடி ராவியும் தன் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கி வைத்திருந்தார். கட்டைவிரல் மேட்டுக்கு ஒரு பள்ளம், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு திண்டு. நான் பிடித்தால் முழுதாக வேறொருவர் கையைக் குலுக்குவது போல இருந்தது. குறிமுள் தானாக இடது பக்கம் சாய்ந்தது. இதை எத்தனை ராவினாலும் என் கைக்கு வராது.

மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். புது சிலிண்டர் ஒன்று 950, புதுக் கைப்பிடி 800, சீல்களை மாற்றிச் சர்வீஸ் 350. ஐயாயிரத்தோடு சேர்த்தால் 7,100. புதியதற்கும் இதற்கும் வித்தியாசம் 2,400 வெள்ளிதான். உத்தரவாதமும் கிடையாது. இந்த இடத்தில் புதியதுக்கே போயிருக்கலாம், பலர் அப்படித்தான் சொன்னார்கள். நடுவில் இன்னொருவர், கையால் நெம்புகோலை இழுத்துக் காற்றடைக்கும் பழைய ரகம் ஒன்றைச் சொன்னார். சிலிண்டர் தொல்லையே இல்லை, விலையும் மலிவு. ஆனால் அறுபது குண்டுக்கும் அறுபது முறை இழுக்க வேண்டும். இருபதிலேயே என் முன்கை நடுங்கியது. வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தப் பில்லை அப்படியே அண்ணனிடம் காட்டினேன். பேரம் பேசக் கூச்சமாகத்தான் இருந்தது, எனக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததில் பாதி அவர்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். "சிலிண்டரு என் தப்பு. நாலாயிரத்து இருநூறு குடு. சர்வீஸ் நீ பாத்துக்க." ஆக மொத்தம் 6,300. புதியதைவிட 3,200 குறைவு, ரெகுலேட்டரை நானே சோதித்தாயிற்று. சரி என்றேன்.

லைசென்ஸ் வேலை நீளமானது, ஆனால் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. விண்ணப்பம், ஐசி (அடையாள அட்டை) நகல், படம், கிளப்பின் கடிதம், அண்ணனின் லைசென்ஸ் நகல், காத்திருப்பு. நேர்காணலில் அதிகாரி மலாயில் கேட்ட முதல் கேள்வி, "குரங்கு சுடவா?" எங்கள் அம்மாவைவிடக் கொஞ்சம் பெரிய பிராணி. காகிதம் என்றேன், சிரித்தார். நான் செய்த ஒரே தப்பு, விண்ணப்பத்தில் வரிசை எண்ணை எழுதும்போது ஒரு பூஜ்யத்தை ஆங்கில எழுத்தான 'ஓ' என்று எழுதிவிட்டது. அதற்காக ஒரு முறை அதிகமாகப் போய்வந்தேன். வரிசை எண்ணை, துப்பாக்கியைப் பார்த்து எழுதுங்கள், பழைய நகலைப் பார்த்து எழுதாதீர்கள்.

அனுமதி வந்த வாரம் கைப்பிடியும் வந்து சேர்ந்தது. பழைய சிலிண்டர் இரண்டையும் முழுக்கக் காற்றிறக்கி ஆயுத அறைப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். யாரும் மறுபடி நிரப்பிவிடாதபடி அவர் என் கண்முன்னே இரண்டிலும் ஓட்டை போட்டார். அன்றைக்கே அறுபது குண்டும் சுட்டேன். அண்ணன் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். 541.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். முன்னே எவ்வளவு என்று கேட்டார். 538 என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "மூணுக்கா?"