கொரோனா வார்டில் அம்மாவின் கால்சியம் இறங்கிய மூன்று நாட்கள்

2021 மே 17, விடியற்காலை நான்கு மணி இருக்கும். சிஸ்டர் அம்மாவுக்கு பிபி பார்க்க வந்தார். மிஷின் முதல் தடவை எர்ரர் காட்டியதால் இரண்டாவது தடவையும் பட்டையை இறுக்கினார். அப்போது அம்மாவின் கை தானாக வளைந்தது. மணிக்கட்டு உள்பக்கம் மடங்கி, விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. வளையல்காரர் வளையல் ஏற்றும்போது கையை எப்படிக் குவித்துக் கொடுப்போம், அச்சு அசல் அப்படி.

"கையை லூசா விடுங்கம்மா" என்றார் சிஸ்டர்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா இழுக்குது" என்றார் அம்மா, மாஸ்க்குக்குள்ளிருந்து.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை அது. தமிழ்நாட்டில் தினசரித் தொற்று 36,000-ஐத் தொடப்போகிற வாரம். ஆக்சிஜன் படுக்கை கிடைத்ததே பெரிய விஷயம். எனக்கு ஏப்ரலிலேயே தொற்று வந்து போயிருந்ததால், பிபிஇ போட்டுக்கொண்டு நான் உடன் இருக்க அனுமதித்தார்கள். தம்பி வெளியே மருந்துக்கும் படிவங்களுக்கும் அலைந்தான்.

அம்மாவுக்கு 2014-இல் தைராய்டு சுரப்பியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு நான்கு குட்டிச் சுரப்பிகள் உண்டு, பாராதைராய்டு என்று பெயர். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பதும், சிறுநீரில் வீணாகாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. அறுவைசிகிச்சையில் அவை அடிபட்டுவிட்டன. அன்றிலிருந்து காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின், மூன்று வேளையும் சாப்பாட்டோடு கால்சியம், கூடவே கால்சியம் உடம்பில் சேர உதவும் கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்து. ஏழு வருடமாக ஒரு வேளை தவறியதில்லை.

தவறியது ஆஸ்பத்திரியில்தான். அட்மிஷன் படிவத்தில், "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்ற இடத்தில் தம்பி சொன்னதை "தைராய்டு மாத்திரை" என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். கால்சியத்தை யாரோ சத்து மாத்திரை என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அந்தக் களேபரத்தில் கவனிக்கவில்லை. ஆக்சிஜன் அளவு 86-இல் நின்றது, அதைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. மாஸ்க்கைக் கழற்றினால் அளவு சரசரவென்று இறங்கும் என்பதால் சாப்பாடும் நாலு வாய் கஞ்சியோடு நின்றுபோனது.

இரண்டாம் நாளே அறிகுறி தெரிந்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கிறது, விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது என்றார் அம்மா. தம்பிக்கு போன் போட எண்ணை அழுத்தினால் விரல் சரியாகப் படியவில்லை. நான் போய்ச் சொன்னபோது, "பயத்துல மூச்சு வேகமா வாங்குறாங்க, அதனால வர்றதுதான், தைரியம் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அதிகம் வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது ரத்தத்தில் தனியாகத் திரியும் கால்சியம் அல்புமின் புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். நரம்புக்கும் தசைக்கும் இதயத்துக்கும் பயன்படுவது அந்தத் தனிக் கால்சியம்தான். ஆகவே மூச்சு வேகம் என்று சொன்னால் அதோடு பேச்சு முடியக் கூடாது, கால்சியத்தையும் பார்த்தாக வேண்டும். நிமோனியாவில் மூச்சு இரைக்காத நோயாளி யார் இருக்கிறார்கள்?

கை மடங்கியதைப் பார்த்ததும் அந்த சிஸ்டர் ஓடிப்போய் இரவுப் பணியிலிருந்த இளம் டாக்டரை அழைத்து வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்கும். கழுத்தைப் பார்த்தார். "தைராய்டு ஆபரேஷன் ஆச்சாம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை நான் என்றும் மறக்க மாட்டேன். கேஸ் ஷீட்டைப் புரட்டி ஏபிஜி தாள்களை எடுத்தார். ஆக்சிஜன் நிலவரம் பார்க்க மணிக்கட்டு நாடியில் ரத்தம் எடுத்து ஒரு மிஷினில் போடுவார்களே, அதிலிருந்து பஸ் டிக்கெட் போலச் சுருண்டு வரும் தாள். மூன்று நாளாக எல்லோரும் மேலே இருக்கும் ஆக்சிஜன் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அதைக் குத்தி வைத்திருந்தார்கள். அதே தாளில், சோடியம், பொட்டாசியத்துக்குக் கீழே, தனிக் கால்சியத்தின் அளவும் அச்சாகியிருந்தது. முதல் நாள் 1.06. மறுநாள் 0.94. அன்று இரவு 0.81. குறைந்தது 1.1-க்கு மேலாவது இருக்க வேண்டிய எண்.

அந்த மூன்று தாளையும் அவர் வரிசையாக வைத்துக் காட்டியபோது என் கை நடுங்கியது. கேட்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே கேட்டிருக்கலாம்.

லேபிலிருந்தும் முடிவு வந்தது. மொத்தக் கால்சியம் 6.3. பொதுவாக 8.5-லிருந்து 10.5 வரை இருக்கும். அல்புமின் 2.7-க்கு இறங்கியிருந்ததால், அதற்குத் தக்கபடி சரிசெய்து கணக்குப் போட்டார்: அல்புமினின் வழக்கமான அளவான 4-லிருந்து 2.7-ஐக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, 6.3-உடன் கூட்டினால் ஏறக்குறைய 7.3. அப்போதும் குறைவுதான். மாதிரி எடுத்ததில் தவறோ என்றும் யோசித்தார். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் மருந்து கலந்துவிட்டால் கால்சியம் பொய்யாகக் குறையும், ஆனால் பொட்டாசியம் எகிறிவிடும். அம்மாவுக்குப் பொட்டாசியம் சரியாக இருந்தது. மெக்னீசியம் 1.4, அதுவும் குறைவு. இசிஜியில் க்யூடி என்கிற இடைவெளி நீண்டிருந்தது. அது ரொம்ப நீண்டால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து உண்டு. அம்மாவுக்குக் கொடுத்துவந்த அஜித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதே இடைவெளியை நீட்டும் மருந்து என்பதால் அதை உடனே நிறுத்தினார்.

அப்புறம் ஊசி. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட், 10 மில்லி. இதயத்துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே பத்து நிமிடத்துக்கு மேல் மெதுவாக ஏற்றினார். வேகமாகப் போட்டால் துடிப்பு குறைந்துவிடுமாம். புறங்கையில் இருந்த ஊசியில் போடாமல், முழங்கை மடிப்பில் பெரிய ரத்தக்குழாயாகப் பார்த்துப் புது ஊசி போட்டார். கால்சியம் ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் புண்ணாகிவிடும், எரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். முன்பு செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் போயிருந்த குழாயை சலைனால் நன்றாகக் கழுவினார் சிஸ்டர். அந்த மருந்தும் கால்சியமும் கலந்தால் உறைந்து துகளாகிவிடும்.

"உடம்பெல்லாம் சூடா பரவுது பாப்பா" என்றார் அம்மா. அரை மணி நேரத்தில் உதட்டு மரப்பு குறைந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். முகக்கவசத்துக்குள் அழுவது பெரிய அவஸ்தை.

ஒரு ஊசியோடு முடியவில்லை. அதன் பலன் சில மணி நேரம்தான். அடுத்த ஒன்றரை நாள் சொட்டு சொட்டாகக் கால்சியம் ஓடியது. மெக்னீசியமும் ஏற்றினார்கள், அது குறைந்திருக்கும்வரை கால்சியம் தங்காதாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தம்.

பகலில் வந்த பெரிய டாக்டர் பொறுமையாகப் பேசினார். தைராய்டு ஆபரேஷன் ஆகாதவர்களுக்கும் தீவிரக் கொரோனாவில் கால்சியம் குறைவது சகஜம் என்றார். 2020-இல் இத்தாலி மருத்துவர்கள் இதை முதலில் கவனித்து எழுதினார்களாம். அம்மாவைப் போலவே தைராய்டு எடுத்த ஒரு பெண்ணின் கதையும் அதில் உண்டு. 2003-இல் சார்ஸ் என்ற இன்னொரு கொரோனா வைரஸ் நோய் வந்தபோது டொராண்டோவிலும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்திருந்தது. வைட்டமின் டி பற்றாக்குறை, சாப்பாடு இறங்காமை, உடல் முழுக்கப் பரவும் அழற்சி என்று காரணங்கள் பல. குறைவாக இருப்பவர்களுக்கு நோயும் கடுமையாக இருக்கிறது. ஆனால் கால்சியம் ஏற்றினால் கொரோனா குணமாகும் என்று அர்த்தமில்லை என்பதையும் அழுத்திச் சொன்னார். ஸ்டீராய்டு குடலில் கால்சியம் சேர்வதைக் குறைக்கும், சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் மருந்து அதைச் சிறுநீரில் வெளியேற்றும். இரண்டுமே அம்மாவுக்குப் போய்க்கொண்டிருந்தன, நிறுத்தவும் முடியாது.

அப்புறம் மாத்திரை நேரம். காலை எட்டு மணிக்கு ஒரு குட்டிக் கப்பில் எல்லா மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது வார்டு வழக்கம். தைராக்சினும் கால்சியமும் சேர்ந்து போனால் தைராக்சின் உடம்பில் ஏறாது, நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன்: ஆறு மணிக்குத் தைராக்சின் மட்டும், பத்தரைக்குக் கஞ்சியோடு கால்சியம். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் புதிதாக வரும் சிஸ்டரிடம் அதைக் காட்டினேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

ஆக்சிஜன் குறைக்க இன்னும் பத்து நாள் ஆனது. அது தனிக் கதை. ஜூன் 2 வீட்டுக்கு வந்தோம். வாரம் ஒரு தடவை லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். மூன்றாவது வாரம் 8.2 வந்தது. பக்கத்தில் குறைவு என்று அம்புக்குறி போட்டிருந்ததைப் பார்த்து, பதறிப்போய் எங்கள் வழக்கமான டாக்டருக்கு அனுப்பினேன். அம்மாவுக்கு இது போதும், பாராதைராய்டு இல்லாதவருக்கு இதற்கு மேல் ஏற்றினால் சிறுநீரில் வழிந்து கல் கட்டும், அளவை மாற்ற வேண்டாம் என்று பதில் போட்டார். கட்டில் தலைமாட்டில் ஒட்டிய தாளை அம்மா மடித்துத் தன் மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.