அத்தை கதையின் பின்பக்கம்

போன வாரம், கடையில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் ஒரு பையன் வந்தான். கையில் புத்தகம் இல்லை, போன் மட்டும். டெலிகிராமில் வந்த பிடிஎஃப் ஒன்றை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, "பேக் டு பேக் போட்டு ஸ்பைரல் பண்ணிடுங்கக்கா" என்றான். திறந்து பார்த்தால், சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளிவந்த நாவல். எழுதியவர் உயிரோடு இருக்கிறார். பதிப்பகம் நடக்கிறது. பணம் கட்டினால் நாலு நாளில் வீட்டுக்கே வந்துவிடும். "இது வேண்டாம் தம்பி, நான் போட மாட்டேன்" என்றேன். "நெட்லயே ஃப்ரீயா கிடக்குது, உங்களுக்கு என்னக்கா?" என்று கேட்டுவிட்டு எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விட்டான்.

அந்த நேரத்தில் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் கல்லூரிக்குப் பக்கத்தில் 17 வருஷமாக ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். அடுத்தவர் எழுதியதை நகல் எடுத்துக் கொடுத்துத்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அதனால் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மேல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்ட செய்தியை, என் மேலேயே போட்ட மாதிரி பயந்து பயந்து படித்தேன். 2016 செப்டம்பரில் டெல்லி உயர்நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாடம் நடத்தத் தேவைப்படும் பகுதிகளை மாணவர்களுக்காக நகல் எடுப்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றது. அடுத்த வருஷம் பதிப்பகங்களே வழக்கை விட்டுவிட்டார்கள். அன்றைக்குத் தொழில்காரர்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தத் தீர்ப்பு பாடத்துக்காகத் தந்த சலுகை. அதைக் காட்டி நேற்று வந்த நாவலை மொத்தமாக உருவுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. 2,000 ரூபாய்ப் பாடநூலில் இரண்டு அத்தியாயம் கேட்கிற பிள்ளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுத் தருவேன். ஐந்து வருஷம் உட்கார்ந்து எழுதிய ஒரு ஆளின் முதல் அச்சே விற்றுத் தீராதபோது அதை ஸ்பைரல் போட என் கை வராது.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஆரம்பத்தில் இருந்ததில்லை. அத்தையால் வந்தது.

அப்பாவின் அக்கா. 1961க்கும் 1971க்கும் நடுவில் ஒன்பது சிறுகதைகள் எழுதியிருக்கிறார். ஒன்பதும் ஒரே வாரப் பத்திரிகையில் வந்தவை. அந்தப் பத்திரிகை நின்று ரொம்ப வருஷமாகிறது. தன் அம்மா பேரையும் பிறந்த ஊர்ப் பேரையும் சேர்த்து ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். 1994இல் இறந்துபோனார். அவர் எழுதினார் என்பதே எங்கள் தலைமுறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்கள் இல்லையா, அதுபோல அத்தை தன் கதைகளை மட்டும் கத்தரித்துத் தானே தைத்து வைத்திருந்தார். கோணி ஊசி, சணல் நூல், மைதாப் பசை. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருக்கிறார், முதுகோரம் இன்னும் லேசாகப் பச்சை பூத்திருக்கிறது. மேலட்டை பழைய காலண்டர் அட்டை. மொத்தம் 43 பக்கங்கள். பத்திரிகைக் காகிதம் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. புரட்டினால் ஓரம் உதிர்ந்து மேஜையில் பொடிப்பொடியாக விழும்.

என் கடை மெஷினில் வைத்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும் என்று பயம். காலையில் கடை திறப்பதற்கு முன்னால், வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனிலேயே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தேன். எழுத்தாக மாற்ற ஓசிஆரில் போட்டபோதுதான் சிக்கல். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முந்தின அச்சு. லை, ளை, ணை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கி நிற்கும். றா, னா, ணா எல்லாம் சுழித்துக்கொண்டு கிடக்கும். 'தலையணை' என்ற ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாகத் தப்பாக விழுந்தது. மெஷினுக்கு அந்த எழுத்துகள் பழக்கமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்தேன். ஒரு கதைக்கு இரண்டு ராத்திரி ஆனது.

நெட்டில் போடுவதற்கு முன்னால், போடலாமா என்று சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். வக்கீல் ஒருவர் எங்கள் கடையில்தான் மனு டைப் அடிப்பார், அவரிடமும் கேட்டுக்கொண்டேன். இந்தியாவில் எழுதியவர் இறந்த அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம் காப்புரிமை. முன்பு 50தான். 1941இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 கடைசியோடு உரிமை முடிந்துவிடும் என்ற நிலை வந்தபோதுதான் அதை 60 ஆக்கினார்கள். தாகூருக்காகக் கூட்டிய பத்து வருஷம் எங்கள் அத்தைக்கும் சேர்ந்து கூடிவிட்டது. புனைபெயரில் வந்த கதைக்கு வேறு கணக்கு உண்டு, வெளியான தேதியிலிருந்தே 60 வருஷம் எண்ணுவார்கள். அப்படியானால் 1961 கதை எப்போதோ பொதுச் சொத்து. ஆனால் 1966 தீபாவளி மலரில் அத்தையின் படத்தைப் போட்டு, சொந்தப் பேரையும் போட்டிருக்கிறார்கள். ஆள் இன்னார் என்று வெளியே தெரிந்துவிட்டால் பழையபடி இறந்த வருஷத்திலிருந்துதான் கணக்கு. ஆக 2054 டிசம்பர் வரை பூட்டு. எனக்கு அப்போது 78 வயசு. அந்தக் காகிதம் இருக்காது.

நல்லவேளையாக உரிமைக்காரர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியும். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள். பெரிய அத்தான் கோயம்புத்தூரில் இருக்கிறார். போனில் சொன்னதும், "இதுக்கெல்லாமா கேப்பே, அம்மா கதை உனக்கும்தானே" என்றார். சின்ன அத்தான் மஸ்கட்டில். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மா எழுதுவாங்கன்னு தெரியும், நான் ஒண்ணுகூடப் படிச்சதில்ல. முதல்ல எனக்கு ஒரு செட் அனுப்பும்மா" என்றார். ஏ4 தாளில், 14 பாயின்ட்டில் அடித்து, நானே பைண்டு பண்ணி கூரியரில் அனுப்பினேன். அதன் பிறகுதான் நெட்டில் போட்டேன். இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.

கதைக்கு மேலே போட்டிருந்த ஓவியங்களை மட்டும் போடவில்லை. கோட்டோவியங்கள், ஒன்றில் கிணற்றடிப் பெண்ணின் முதுகு மட்டும் தெரியும், அவ்வளவு அழகு. கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. உரிமைக்காரர் யாரென்றே தெரியாத படைப்புக்கு அனுமதி வாங்கச் சட்டத்தில் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. முன்பு அதற்கென்று தனி வாரியம் இருந்தது, இப்போது நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு உள்ளங்கை அளவு படத்துக்காகக் கும்பகோணத்து ஜெராக்ஸ் கடைக்காரி ஒருத்தி நீதிமன்றம் ஏற முடியுமா? நூலகங்களுக்காவது தங்களிடம் இருக்கிற பிரதியைப் பாதுகாப்புக்காக டிஜிட்டலாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் வழி விட்டிருக்கிறது. வீட்டுப் பரணில் இருப்பதை என்ன செய்வது?

பாரதிக்கு நடந்தது தெரிந்திருக்கும். அவர் பாட்டைப் பாடவும் அச்சிடவும் தனியாரைக் கேட்க வேண்டிய நிலை இருந்தது. ஒலிப்பதிவு உரிமை ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு எத்தனையோ பேருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிவிட்டது, அதைப்போல ஒரு நல்ல காரியம் இல்லை. ஆனால் ஒன்பது கதை எழுதி ஒரு புத்தகம்கூட வராத பெண்ணை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? அவர் மாதிரி நூற்றுக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். வார இதழ்களை நிரப்பியதே அவர்கள்தான். இவர்கள் எழுத்தை எவரும் திருடவில்லை, அது செல்லரித்துத்தான் போகிறது.

திருட்டும் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

1968 மகாமகத்துக்கு அடுத்து வந்த கதை ஒன்று. குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. தீர்த்தமாட வந்த சொந்தக்காரர்கள் 23 பேருக்குச் சமைத்துப் போட்டே அந்த வீட்டு மருமகளுக்கு மூன்று நாளும் போய்விடுகிறது. குளத்துப் பக்கமே போகவில்லை. எல்லோரும் ஊருக்குக் கிளம்பின சாயங்காலம், யாரோ சொம்பில் எடுத்து வந்து மறந்துபோன தீர்த்தத்தைக் கிணற்றடியில் நின்று தலையில் ஊற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை. தட்டச்சு செய்யும்போது நான் அழுதுவிட்டேன்.

அதை நெட்டில் போட்ட மூன்றாவது வாரம், வீடியோத் தளம் ஒன்றில் கதை வாசிக்கும் சேனலில் அது வந்துவிட்டது என்று தோழி ஒருத்தி அனுப்பினாள். மெஷின் குரல். கோயில் கோபுரப் படம். அத்தை பேர் எங்கேயும் இல்லை, என் பக்கத்தின் சுட்டியும் இல்லை. தலைப்பை 'கண்ணீர் வரவழைக்கும் உண்மைச் சம்பவம்' என்று மாற்றியிருந்தார்கள். கிணற்றடி வரியில் அத்தை மூன்று புள்ளி வைத்திருப்பார். மெஷின் அங்கே மூச்சு விடாமல் ஓடி, நேராக எண்ணெய் விளம்பரத்தில் போய் நின்றது.

ஆனால் கீழே எழுதியிருந்தவர்களைப் படித்தேன். "எங்கம்மாவும் இப்படித்தான், 80 மகாமகத்துல குளத்தையே பாக்கல." "எங்க பாட்டி கதை மாதிரியே இருக்கு." இப்படி 200க்கு மேல். என் பக்கத்தில் அந்தக் கதையைப் படித்தவர்கள் மொத்தமே 60 பேர் இருப்பார்கள்.

அதனால் எடுக்கச் சொல்லவில்லை. பேரைப் போடுங்கள் என்று மட்டும் எழுதினேன். "பழைய கதைக்கெல்லாம் காப்பிரைட் கிடையாது மேடம்" என்று பதில் வந்தது. சட்டத்தில் 57ஆம் பிரிவு இருக்கிறது. காப்புரிமையை விற்றுவிட்டாலும்கூட, இதை எழுதியது நான்தான் என்று சொல்லும் உரிமை எழுதியவருக்கு உண்டு, அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் உண்டு. அதை எடுத்துக் காட்டி, பெரிய அத்தான் பேரில் மறுபடி எழுதினேன். இரண்டு நாளில் வீடியோவையே தூக்கிவிட்டார்கள். பேர் போட ஒரு நிமிஷம் ஆகாது. அதைச் செய்யாமல், அந்த 200 பேர் எழுதியதையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று எழுதினவரிடம், இதை எழுதியது இன்னார், இந்த ஊர்க்காரர், இந்தத் தெரு என்று சொல்லியிருப்பேனே!

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செய்திகளைப் படிக்கும்போதும் எனக்கு இதுதான் ஓடுகிறது. தன் செய்திகளை அனுமதி இல்லாமல் மெஷினுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ மேல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பணம் எவ்வளவு, யாருக்கு என்று பெரியவர்கள் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள், வரட்டும். நான் தட்டச்சு செய்த ஒன்பது கதைகளையும் ஏதோ ஒரு மெஷின் படித்திருக்கலாம். படித்தால் எனக்கு வருத்தமில்லை. தும்பிக்கை லையை ஒழுங்காகப் படிக்கக் கற்றுக்கொண்டால் சந்தோஷம்கூட. ஆனால் மருமகள் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும் கதையை அது யாருக்காவது சொன்னால், அத்தை பேரோடு சொல்ல வேண்டும்.

அந்தப் பையனுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். நாவல் எழுதினவரைக் கேட்டுப் போட வழி இருக்கிறது, அவர் இருக்கிறார், போன் எடுப்பார். கேட்க ஆள் இருக்கும்போது கேட்காமல் எடுப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கேட்க ஆளே இல்லாமல் நான் தவிப்பது அவனுக்குத் தெரியாது.

இன்னொன்று பாக்கி. அத்தை தன் பக்கங்களை மட்டும் கத்தரித்ததால், சில தாள்களின் பின்பக்கத்தில் வேறு யாரோ எழுதியது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பெரும்பாலும் கூந்தல் தைலம், கடிகாரக் கடை விளம்பரம். ஒரு தாளில் மட்டும் ஒரு கதையின் கடைசிப் பக்கம். தலைப்பு இல்லை, எழுதியவர் பேர் இல்லை, தேதி இருந்த ஓரம் வெட்டுப்பட்டுவிட்டது. கீழே 47 என்ற பக்க எண் மட்டும் இருக்கிறது. மறுபக்கம் அத்தையின் 1964 கதை, அதனால் இதுவும் அந்த வருஷம்தான்.

மாயவரம் ஜங்ஷனில் ஒரு பெண் இறங்குகிறாள். கையில் மூங்கில் கூடை, கூடைக்குள் பூனைக்குட்டி. கூட்டிப்போக வரவேண்டியவர் வரவில்லை. கடைசி வண்டியும் போன பிறகு வயதான போர்ட்டர் ஒருவர் வந்து, அவளிடம் எதுவும் கேட்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கிறார். அவள் பின்னாலேயே போகிறாள். அதோடு முடிகிறது.

இதையும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், வெளியிடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது பூனைக்குட்டியும் போர்ட்டரும் வருகிற கதை எழுதினதாகச் சொல்லிக் கேட்டிருந்தால், அம்மாவோ பாட்டியோ தாத்தாவோ, எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு பக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.