ஷேக்கில்டனை ஆண்டு வரிசையில் படித்தேன்

கேட் (GATE) என்ற முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் நிலவியல், புவி இயற்பியல் தாளை இரண்டு முறை எழுதினேன். முதல் முறை தேறவில்லை. தொல் காலநிலைப் பகுதியை கைடைப் பார்த்து உருப்போட்டிருந்தேன். ஆக்சிஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வரைபடத்தைக் காட்டினால் பனியுகம் மேலேயா கீழேயா என்றுகூடச் சொல்லத் தெரியாது.

காரைக்குடிக்குத் திரும்பி, வீட்டு வளவில் பாயை விரித்து மறுபடி ஆரம்பித்தேன். சீனியர் அண்ணன் ஒருவர் போனில் சொன்னார்: "ஒரே ஆளோட பேப்பரை வருச வரிசையா படிச்சுப் பாருடா." நான் எடுத்துக்கொண்டது, தொல் காலநிலையை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் நிக்கோலஸ் ஷேக்கில்டனை (1937–2006).

அவரது 1967 கட்டுரையில்தான் எனக்குக் கதவு திறந்தது. அதற்கு 12 ஆண்டுகள் முன்பே எமிலியானி என்ற ஆய்வாளர், கடலின் மேல்பகுதியில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளில் ஆக்சிஜன்-18 கூடிக் குறைவதைக் கண்டு, அதில் பெரும்பகுதி கடலின் வெப்பநிலை மாற்றம் என்றார். ஷேக்கில்டன் ஆழ்கடல் தரையில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளைப் பார்த்தார். அங்கே தண்ணீர் ஏற்கெனவே உறைநிலைக்குப் பக்கம். இன்னும் பெரிதாகக் குளிர இடமில்லை. ஆனாலும் மாற்றம் மேல்பகுதி ஓடுகளில் கண்ட கிட்டத்தட்ட அதே அளவு! அப்படியானால் மாறியது கடல்நீரே. நம்ம ஊருணி கோடையில் வற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இலேசான ஆக்சிஜன்-16 கொண்ட நீர் சற்று எளிதாக ஆவியாகும். மிச்ச நீரில் 18-இன் விகிதம் ஏறும். பனியுகத்தில் அந்த இலேசான நீர் பனிப்பாளமாக நிலத்தில் தங்கிவிட்டது. ஆகவே ஓட்டில் 18 கூடினால் உலகில் பனி கூடியிருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம்ம தொண்டிக் கடல் அன்று வெறும் தரை. இது மனதில் பதிந்தபின் எந்த வரைபடமும் என்னைப் பயமுறுத்தவில்லை.

1973-இல் தொல் புவிக்காந்த ஆய்வாளர் ஆப்டைக்குடன் சேர்ந்து, மேற்குப் பசிபிக்கில் எடுத்த வி28-238 என்ற கோரில் (கடலடியில் குழாய் இறக்கி எடுத்த படிவு உருளை) பனி கூடியும் குறைந்தும் வந்த 22 ஐசோடோப் கட்டங்களைப் பிரித்தார். 1976-இல் ஹேஸ், இம்ப்ரி என்ற ஆய்வாளர்களுடன் எழுதியது புகழ்பெற்றது: பனியுகங்களில் சுமார் 1,00,000, 42,000, 23,000 ஆண்டுச் சுழற்சிகள் தெரிந்தன; புவியின் சுற்றுப்பாதையும் அச்சும் மாறுவதே பனியுகங்களுக்குக் காரணம் என்று மிலன்கோவிச் சொன்ன சுற்றுப்பாதைக் கணக்கோடு அவை பொருந்தின. மூன்று எண்களையும் காரணத்தோடு படியுங்கள். 1,00,000 சுற்றுப்பாதையின் வடிவ மாற்றம், 42,000 (சுற்றுப்பாதைக் கணக்கில் 41,000) அச்சுச் சாய்வு, 23,000 அச்சின் தள்ளாட்டம்.

1990 கட்டுரையைத் தவறவிடாதீர்கள். புவிக்காந்தத்தின் வடக்கும் தெற்கும் கடைசியாக இடம் மாறிய புரூன்ஸ்–மட்டுயாமா எல்லைக்கு 1973-இல் அவரே 7 லட்சம் ஆண்டு என்ற வயதைத்தான் பயன்படுத்தினார். பிறகு 7.3 லட்சம் என்ற எண் புழக்கத்துக்கு வந்தது. 1990-இல் சுற்றுப்பாதைக் கணக்கை வைத்து, அது சுமார் 7.8 லட்சம் என்றார்கள் அவரும் அவருடன் எழுதியவர்களும். பின்னால் வந்த, எரிமலைப் பாறைகளில் ஆர்கானை அளந்து கணித்த வயதுகள் அதை ஆதரித்தன. தான் நம்பிக் கட்டிய அடித்தளத்தைத் தானே பெயர்த்து எடுத்த மனிதர். எனக்கு அவர்மேல் உண்டான மதிப்பு இதனால்தான். என் பழைய கைடில் 7.3 இருந்தது, உங்களுடையதையும் பாருங்கள்.

நோட்டில் ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம் போதும்: முன்பு என்ன நம்பினார்கள், இவர் எதை அளந்தார், எது மாறியது. டெல்டா கணக்குகளை (ஐசோடோப் விகிதம் ஒரு தரநிலையிலிருந்து எவ்வளவு விலகியது என்ற கணக்கு) தினம் இரண்டு போடுங்கள், அதுவும் தேர்வுத் திரையில் வருவது போன்ற கால்குலேட்டரிலேயே. எண்ணை விடையாகத் தரும் கேள்விகளுக்கு நெகட்டிவ் மார்க் கிடையாது, வெற்றாக விடாதீர்கள்.

சாயங்காலம் நடக்கப் போனால் செம்புறாங்கல்லை (லாட்டரைட்) கையில் எடுத்துப் பாருங்கள். வெப்பமும் மழையும் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோக, இரும்பும் அலுமினியமும் தங்கிய கல் அது. இரண்டாம் முறை தேர்வுக்கு முந்தைய நாள் லாட்டரைட்டை நான் அப்படித்தான் திருப்பிப் பார்த்தேன், ஊருணிக் கரையில் உட்கார்ந்து.