செமிகோலன் சேர்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொன்னால் எல்லாரும் கிரிக்கெட் மெட்ச்சையும் கன்டீன் ரோல்ஸையும்தான் எழுதப்போகிறார்கள், அதனால் நான் ஓ.எல் (சாதாரண தர) வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்த சேரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் கொழும்பு பம்பலப்பிட்டிக்கு பஸ் ஏறிவந்து படித்த நம் ஆட்களுக்குப் பட்டப்பெயரே போதும்.

கொப்பியில் செமிகோலனை (;) கண்டால் மனுசன் சும்மா விடமாட்டார். அடிமட்டத்தால் குறிக்கு வலப்பக்கத்தை மறைத்து "வாசி" என்பார், பிறகு இடப்பக்கத்தை மறைத்து "இப்ப வாசி" என்பார். இரண்டு பக்கமும் தனித்தனியே முழு வசனமாக நின்றால் தப்பலாம். "த பஸ் வோஸ் லேட்; வீ வோக்ட்" சரி, ஏனென்றால் இரண்டும் தனியே நிற்கும், ஒன்றோடொன்று தொடர்பும் உண்டு. நடுவில் புல்ஸ்டொப் போட்டாலும் பிழையில்லை, கொமா மட்டும் போட்டால்தான் பிழை. "பிகோஸ் த பஸ் வோஸ் லேட்" என்று தொடங்கினால் அந்தப் பாதி தனியே நிற்காது, அங்கே கொமாதான்.

"'பட்'டும் (but) ஹவெவரும் (however) ஒண்டுதானே சேர், ஏன் ஒண்டுக்குக் கொமா, மற்றதுக்கு செமிகோலன்?" என்று கடைசி வாங்கில் இருந்த ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. சேர் பலகையில் "த பஸ் வோஸ் லேட்; ஹவெவர், வீ வோக்ட்" என்று எழுதினார், அப்புறம் ஹவெவரைத் தூக்கி "வீ, ஹவெவர், வோக்ட்" என்று நடுவில் வைத்தார். "இப்ப 'பட்'டை அப்பிடி நகர்த்திக் காட்டு பாப்பம்." நகராது. இரண்டு வசனத்தைக் கட்டுகிற வேலை 'பட்'டுடையது, ஹவெவர் வசனத்துக்குள் உலாவுகிற சாமான், அதனால் கட்டுவதற்கு செமிகோலன் வேண்டும். இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

1490களில் வெனிஸில் அல்டஸ் மனுட்டியஸ் என்ற அச்சகக்காரர்தான் இந்தக் குறியை இப்போதைய வேலைக்கு அச்சில் கொண்டுவந்தார் என்றும், கிரேக்கத்தில் இதே குறிதான் கேள்விக்குறி என்றும் ஒருநாள் சொன்னார். பரீட்சைக்கு வருமா என்பதுதான் எங்கள் கவலை.

ஒரு விசயத்தில் சேர் கொஞ்சம் கூடிப்போனார் என்று நினைக்கிறேன். அன்டுக்கு (and) முன்னால் செமிகோலன் வரவே கூடாது என்பார். வசனத்துக்குள் ஏற்கெனவே கொமாக்கள் நிறைந்திருந்தால் வரலாம். ஆனால் "டியர் சேர்" எழுதி செமிகோலன் போடுகிறவர்களையும், "த ஃபொலோவிங்" என்று பட்டியல் தொடங்கும்போது கோலனுக்கு (:) பதிலாக இதைப் போடுகிறவர்களையும் அவரிடமே ஒப்படைத்துவிடலாம்.

போன மலரின் ஆங்கிலப் பக்கத்தில் கிளைகளின் பட்டியல் "டொரொன்டோ, கனடா, லண்டன், இங்கிலாந்து, மெல்பேர்ன், அவுஸ்திரேலியா" என்று கொமாவாகவே ஓடியது. மூன்று கிளையா ஆறு கிளையா? ஊருக்கும் நாட்டுக்கும் இடையில் கொமா, கிளைக்கும் கிளைக்கும் இடையில் செமிகோலன், அவ்வளவுதான். இந்த முறை ப்ரூஃப் பார்க்கிற தம்பிமார் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கோ, நானே திருத்தித் தருகிறேன்.